பத்துக்குப் பத்து

அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் கட்டடத்தின் சுவர்கள் மெல்லியவை. அது கட்டியவர்கள் செய்த தப்பு. என் சமையலறைச் சன்னலைத் திறந்தால் பூட்டுக்காரர் வீட்டுக் கூடம் முழுசாகத் தெரியும். அது சன்னல் வைத்தவர்கள் செய்த தப்பு. இந்த இரண்டு தப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் நான் தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது. கதவில் காதை வைத்துக் கேட்டது ஓரிரு முறைதான்.

பூட்டுக்காரர், சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் முழிப்பவர்களுக்கெல்லாம் கதவு திறந்துவிட்டே வயதானவர். கடையை மூடிவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறார். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். கட்டடம் முழுக்க அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். கட்டிய கணவரும் அப்படித்தான்.

டீச்சருக்கு ஞாபகம் கழன்றுகொண்டிருந்தது. முதலில் மூக்குக் கண்ணாடி வைத்த இடம் போயிற்று, பிறகு கிழமை போயிற்று, பிறகு ஆட்களே போனார்கள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் குளிக்கப் போவார். குளிக்கப் போனவர் ஈரத் தலையோடு தெருமுனையில் நிற்பார். ஒரே பிள்ளை வேறு நாட்டில் இருக்கிறான். அவன் போனில் முகத்தைக் காட்டி "அம்மா" என்றால், டீச்சர் ரொம்ப மரியாதையாக, "நல்லா இருக்கியாப்பா? உங்க அம்மா சௌக்கியமா?" என்று கேட்பார்.

ஊர்க் கதவுகளுக்கெல்லாம் பூட்டுப் போட்ட மனுஷர், பெண்டாட்டியை உள்ளே வைத்துப் பூட்ட மனசு வராமல், வாசல் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு ராவும் பகலும் உட்கார்ந்திருந்தார். தூக்கம் இல்லாமல் முகம் கசக்கிப்போட்ட காகிதப்பை மாதிரி ஆகிவிட்டது.

"ஒரு தாழ்ப்பாள் போட்டுட்டாத்தான் என்ன அண்ணே?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் போட்டேன்மா. உள்ள இருந்து தட்டினா. 'சார், நான் என்ன தப்பு பண்ணேன், கதவைத் திறங்க சார்'னா. சார்னு சொல்றாம்மா என்னைப் பார்த்து. திறந்துட்டேன்."

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் ஒரு பகல் இல்லம் இருக்கிறது. காலையில் வண்டி வந்து ஞாபகம் போனவர்களை ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். அங்கே டீச்சருக்கு ஓர் இடம் கிடைத்தால் பகலிலாவது இவர் கண்ணை மூடலாம். போய்க் கேட்டார். "இடம் கொடுக்கிறது நாங்க இல்லைங்க, நிறுவனம்" என்று சொல்லிவிட்டார்கள்.

நிறுவனம் என்றால் முதுமை ஒப்பீட்டு நிறுவனம். அதன் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பல நாடுகள் சேர்ந்து, எந்த நாட்டுக் கிழவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டன. நல்ல ஆசைதான். ஆனால் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகக் கேள்வி கேட்டுவைத்திருந்தது. ஒரு நாட்டில் மாடி ஏற முடியுமா என்று கேட்டார்கள். மாடியே இல்லாத நாட்டில் மேடு ஏற முடியுமா என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் ஒன்றுபோல ஆக்கினால்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அப்படி ஒன்றுபோல ஆக்குவதற்கு ஒத்திசைவு என்று பெயர் வைத்தார்கள். நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, பாட்டு வகுப்பு என்று நினைத்து நானே ஒரு முறை உள்ளே போய் விசாரித்திருக்கிறேன்.

நிறுவனம் சில வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் அனுப்பும். சீட்டுக் குலுக்கி எடுத்த வீடுகளுக்குத்தான் வரும். டீச்சர் பெயர் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. நன்றாக இருந்த காலத்திலிருந்தே அவரைக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இப்போது புதிதாக ஒரு விதி: பகல் இல்லத்தில் இடம் வேண்டுமென்றால் நிறுவனத்தின் மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். டாக்டர் சீட்டு செல்லாது. டாக்டருக்கு டாக்டர் அபிப்பிராயம் மாறுமாம். மதிப்பெண் எல்லா நாட்டிலும் ஒன்றுதானாம்.

கேள்விக்காரம்மா வருகிற அன்று பூட்டுக்காரர் முகச்சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டு, "சாட்சிக்கு நீங்களும் வாங்கம்மா" என்று என்னைக் கூப்பிட்டார். நான் அதற்கு முன்பே செருப்பை மாட்டியிருந்தேன்.

கேள்விக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அவருக்கே முழங்கால் வலி. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கினார். ஆனாலும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. காட்டக்கூடாது என்று விதி. தலையாட்டக்கூடாது; ஒரு நாட்டில் மேலும் கீழும் ஆட்டினால் சரி என்று பொருள், இன்னொரு நாட்டில் அதுவே இல்லை என்று பொருள். அதனால் எல்லா நாட்டிலும் கழுத்தை நிறுத்திவிட்டார்கள். சிரிக்கக்கூடாது, உச்சுக்கொட்டக்கூடாது. "நன்றி, அடுத்த கேள்வி" மட்டும் சொல்லலாம்.

"நேரா சொல்லிடறேம்மா, இவளுக்கு ஞாபகம் போயிடுச்சு" என்று பூட்டுக்காரர் தொடங்கினார்.

"நன்றி. இன்னும் நான் கேக்கவே இல்லைங்க." கையிலிருந்த மின்பலகையைத் தட்டினார். "வீட்டில் சமைப்பதில் இவருக்குச் சிரமம் உண்டா?"

"சமைக்கவே விடறதில்லம்மா. அடுப்போட குமிழைக் கழட்டி என் சட்டைப்பையில வெச்சிருக்கேன், இந்தாங்க பாருங்க."

"சமைப்பதில்லை. சமைக்காதவருக்குச் சமைப்பதில் சிரமம் இருக்க முடியாது. சிரமமில்லை. நன்றி, அடுத்த கேள்வி. உதவியின்றித் தனியாக வெளியே செல்வாரா?"

"செல்வாளே! அதுதானேம்மா தலைவலி! போன வாரம் பாலத்தைத் தாண்டிப் போயிட்டா. போலீஸ்காரர் கூட்டிட்டு வந்து விட்டார்."

"தனியாகச் செல்வார். நிற்காமல் எவ்வளவு தூரம் நடப்பார்?"

"அதைத்தானேம்மா சொல்றேன், பாலத்தைத் தாண்டி..."

"மிக அதிக தூரம்" என்று அழுத்தினார். "குளிப்பாரா?"

"குளிப்பா. நான் கூடவே நின்னு, சோப்பைக் கையில குடுத்து, குழாயை மூடி, துடைச்சு விட்டு..."

"குளிப்பார். நன்றி."

பூட்டுக்காரருக்கு வியர்த்துவிட்டது. அவர் ஒவ்வொரு கஷ்டத்தையும் எடுத்து வைக்க வைக்க, அந்தப் பலகையில் டீச்சர் ஓட்டப்பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு என்ன கிழமைன்னு அவளைக் கேளுங்கம்மா! என்ன மாசம்னு கேளுங்க!"

"அந்தக் கேள்வியை எடுத்துட்டாங்க. நாட்டுக்கு நாடு காலண்டர் வேற."

"அப்ப அவளுக்குப் பதிலா எல்லாத்தையும் நானே சொல்லிடறேன்."

"பதில் ஆள் வைக்கணும்னா, அவங்களால சொல்ல முடியலைன்னு சோதனையில தெரியணுங்க. சோதனை இதோ வருது."

சோதனை என்பது பத்து வார்த்தை. கேள்விக்காரம்மா படிப்பார், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பத்து வார்த்தையைத் தேர்ந்தெடுக்கப் பல நாட்டு அறிஞர்கள் பல வருஷம் கூடிப் பேசியிருக்கிறார்கள். பனி என்று ஒரு வார்த்தை இருந்ததாம். பனி பெய்யாத நாடு வெளிநடப்புச் செய்தது. கடல் இருந்ததாம், கடல் இல்லாத நாட்டுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் யாருக்கும் ஆட்சேபம் இல்லாத பத்து வார்த்தை கிடைத்தபோது கட்டிப்பிடித்துக்கொண்டார்களாம். அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததை மாற்றுவார்களா? முதல் தடவை கேட்ட அதே பத்துதான் ஒவ்வொரு தடவையும். மாற்றினால் போன தடவையோடு ஒப்பிட முடியாதே!

இதில் ஒரு சங்கடம். டீச்சர் முதல் தடவை எட்டு வார்த்தைதான் சொன்னார். பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தே பேர் எடுத்தவருக்குப் பத்துக்கு எட்டு! மானம் போய்விட்டது. விட்டுப்போன இரண்டையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரிடம் கேட்டு வாங்கி, வகுப்பில் சொல்லித்தருகிற ராகத்தில் போட்டு, பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தார். சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு எனக்கே அது தூக்கத்தில் வரும். மற்றதெல்லாம் போன பிறகும் அது மட்டும் போகவில்லை.

கேள்விக்காரம்மா தொண்டையைச் செருமி, "ஆறு" என்று ஆரம்பித்தார்.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம். "ஆறு, பெட்டி, குதிரை, சன்னல். உப்பு, மணி, தோட்டம், ஊசி. மழை, அரசன்!" என்று ராகம் பிசகாமல் முடித்துவிட்டு, "எல்லாரும் கை தட்டுங்க" என்றார்.

கேள்விக்காரம்மாவின் கழுத்து ஆடவில்லை. வாய் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது. அவர் இன்னும் இரண்டாவது வார்த்தைக்கே போகவில்லை.

"பத்துக்குப் பத்து" என்றார். "நன்றி."

மறுநாள் பூட்டுக்காரர் நிறுவனத்துக்குப் புறப்பட்டார். டீச்சரைத் தனியே விட முடியாது, அதனால் அவரும். இரண்டு பேரையும் ஒருவராகச் சமாளிக்க முடியாது என்பதால் நானும். நிறுவனத்தின் வாசலில் 'ஒரே கேள்வி, ஒரே முதுமை' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. படிக்கட்டு செங்குத்து. கைப்பிடி கிடையாது. மேலே ஒத்திசைவு அதிகாரி மிகவும் பணிவாக எழுந்து நின்று வரவேற்றார்.

"ஐயா, குளிக்கிறாளான்னா, நான் குளிப்பாட்டறேன். அதைப் போய் குளிப்பான்னு எழுதிட்டாங்க" என்றார் பூட்டுக்காரர்.

"நியாயமான கேள்விங்க. நம்ம நாட்டுல இதுக்கு நாலு பதில் வெச்சிருந்தோம். சுலபமா முடியும், கஷ்டப்பட்டு முடியும், ஆள் இருந்தா முடியும், முடியாது. இன்னொரு நாட்டுல ரெண்டே பதில். முடியும், முடியாது. அவங்களையும் நம்மளையும் ஒப்பிடணும்னா நாலை ரெண்டுக்குள்ள அடக்கணுமில்லையா? முதல் மூணுமே 'முடியும்'னுதானே முடியுது?"

"அந்த நாட்டை நாலா ஆக்கக் கூடாதா?"

அதிகாரி சிரித்தார், சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி. "சொல்லாததைச் சொன்னதா ஆக்க முடியாதுங்க, அது பொய்யாயிடும். சொன்னதைச் சொல்லாததா ஆக்கலாம். அதுதான் ஒத்திசைவு."

"அந்தப் பத்து வார்த்தையை அவ மனப்பாடம் பண்ணிட்டாங்க. அவ்வளவுதான். பெத்த பிள்ளையை அடையாளம் தெரியல."

"மனப்பாடம் பண்றதுக்கும் ஞாபகம் வேணுமே!" அதிகாரிக்குத் தன் பதிலே பிடித்துப்போயிற்று, குறித்துக்கொண்டார். "பிள்ளையை அடையாளம் கண்டுபிடிக்கிறதை எப்படிங்க ஒப்பிடறது? ஒவ்வொருத்தருக்கும் வேற வேற பிள்ளை. வார்த்தைன்னா எல்லாருக்கும் ஒரே வார்த்தை."

பூட்டுக்காரர் கையைப் பிசைந்தார். டீச்சர் மேசைமேல் இருந்த காகிதங்களைச் சரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். அதிகாரிக்கு மனசு இளகிவிட்டது போல, குரலைத் தாழ்த்தினார்.

"எங்க அம்மாவும் இப்படித்தாங்க. என்னையே யாருன்னு கேக்கறாங்க. ஆனா சீட்டுல அவங்க பேர் வரல. அதனால அவங்களுக்கு மறதி இருக்குன்னு என்னாலயே உறுதியா சொல்ல முடியாது. அந்த வகையில நீங்க அதிர்ஷ்டசாலி."

நாங்கள் வெளியே வரும்போது அதிகாரி, "எட்டு வாங்கியிருந்தாக்கூட பரிசீலிச்சிருக்கலாம்" என்று ரொம்ப வருத்தப்பட்டார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எங்கள் சுவர் வழியாக விநோதமான பாடம் ஒன்று கேட்டது. பூட்டுக்காரர் டீச்சருக்கு மறக்கச் சொல்லிக்கொடுத்தார். "ஆறு, பெட்டி, ஒட்டகம்" என்பார். "குதிரை!" என்று டீச்சர் அதட்டுவார். "சன்னல் இல்ல டீச்சர், கதவு." "யார்டா அது பின்னால பேசறது? எழுந்து நில்லு. மறுபடியும் முதல்ல இருந்து சொல்லு." அவர் எழுந்து நின்று முதலிலிருந்து சொல்வார். தினமும் இப்படியே. மறக்கவைக்கப் போய் துரு நீக்கி எண்ணெய் போட்டதுதான் மிச்சம்.

இதற்குள் நிறுவனத்தில் டீச்சர் பிரபலமாகிவிட்டார். மதிப்பெண் வரைபடத்தில் எல்லா நாட்டுக் கோடுகளும் வயது ஏற ஏறக் கீழே சரிகின்றனவாம். எங்கள் நாட்டில் ஒரே ஒரு கோடு மட்டும் எட்டிலிருந்து பத்துக்கு ஏறி, அங்கேயே நிற்கிறதாம். பல நாட்டு அறிஞர்கள் கூடுகிற மாநாட்டுக்கு அந்தக் கோட்டை நேரிலேயே அழைத்துவரச் சொல்லி இயக்குநர் கார் அனுப்பினார்.

"போகாதீங்க அண்ணே" என்றேன்.

"எல்லா நாட்டுப் பெரியவங்களும் இருப்பாங்கம்மா. ஒருத்தர் கண்ணுலயாவது படாதா? பார்த்தாலே தெரிஞ்சிடுமே" என்றார். பாவம், பார்ப்பார்கள் என்று நினைத்துவிட்டார்.

அரங்கத்தில் எல்லாரும் காதில் கருவி மாட்டியிருந்தார்கள். பின்னால் கண்ணாடிப் பெட்டிகளில் மொழிபெயர்ப்பாளர்கள். இயக்குநர் மேடை ஏறினார். நல்ல உயரம், நல்ல கோட்டு, நல்ல குரல்.

"நண்பர்களே, முதுமையை ஒழிக்க மருத்துவர்கள் பாடுபடுகிறார்கள். அவர்களால் முடியவில்லை. நாம் அளவிடும் முறையை மட்டுமே மாற்றினோம். நம் நாட்டு முதியவர்களில் குளிக்க முடியாதவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். ஒரு சொட்டு மருந்து செலவில்லை! சிலர் கேட்கிறார்கள், முதியவர்களை நேரில் போய்ப் பார்த்தீர்களா என்று. நேரில் பார்த்தால் பரிவு வந்துவிடும். பரிவு நாட்டுக்கு நாடு மாறுபடும். ஆகவே அதை நாங்கள் தவிர்க்கிறோம்."

கைதட்டல். எங்கோ ஒரு மொழிபெயர்ப்பாளர் இருமினார்.

டீச்சரை மேடைக்கு அழைத்தார்கள். அவ்வளவு முகங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் டீச்சருக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. பிள்ளைகள் இத்தனை பேரா இன்றைக்கு! கேட்காமலேயே ஆரம்பித்தார். "ஆறு, பெட்டி, குதிரை, சன்னல்..." 'அரசன்' வந்ததும் கைதட்டலில் அரங்கம் அதிர்ந்தது. எழுந்து நின்றுகூடச் சிலர் தட்டினார்கள்.

டீச்சர் மறுபடியும் "ஆறு" என்றார்.

இயக்குநர் கையை உயர்த்தி அரங்கத்தை அமைதிப்படுத்தினார். "கவனியுங்கள். மறுசோதனையிலும் அதே விடை. இதற்குத்தான் நம்பகத்தன்மை என்று பெயர்."

டீச்சர் மூன்றாம் முறை ஆரம்பித்தார். நான்காம் முறை. குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பாட்டைத் தொடங்கத் தெரிகிறது, எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. கண் அந்த விளக்குகளுக்கு நடுவில் எதையோ தேடியது; உதடு மட்டும் சொல்லிக்கொண்டே போனது. காதுக் கருவிகள் அதைப் பல மொழிகளில் சொல்லிக்கொண்டிருந்தன. யாரோ ஒரு வெளிநாட்டு அம்மாள் தன் கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பூட்டுக்காரர் மேடை ஏறினார். யாரும் அவரை அழைக்கவில்லை. டீச்சர் தோளைத் தொட்டு, "மணி அடிச்சாச்சு டீச்சர். பிள்ளைங்க வீட்டுக்குப் போகணும்" என்றார்.

டீச்சர் சட்டென்று நிறுத்தினார். "சரி, வரிசையா போங்க" என்று அரங்கத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிவந்தார்.

"வயதான தம்பதிகளுக்குள் எவ்வளவு நல்ல ஒருங்கிணைப்பு!" என்றார் இயக்குநர். அந்த வாக்கியம் அவருக்கே பிடித்திருக்க வேண்டும். கொஞ்ச நாளில் அதிலிருந்து ஒரு திட்டமே பிறந்துவிட்டது: தனியாளை ஒப்பிட்டது போதும், இனிமேல் தம்பதியாக ஒப்பிடுவோம். சீட்டில் பெயர் வந்தவரின் கணவரையோ மனைவியையோ சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

கேள்விக்காரம்மா திரும்பவும் மூன்று மாடி ஏறி வந்தார். இந்தத் தடவை பூட்டுக்காரரை உட்காரவைத்தார். முந்தின நாள் ராத்திரி டீச்சர் ஓயவே இல்லை. விடிகிறவரைக்கும் அவர் வெளியே போக எழுந்துகொண்டே இருந்ததும், இவர் திருப்பிக் கூட்டிவந்து படுக்கவைத்ததும் எனக்கும் கேட்டது. மனுஷர் நாற்காலியில் உட்கார்ந்ததே சரிந்து விழுவது போலத்தான்.

பத்து வார்த்தையையும் படித்துவிட்டு, "இப்ப நீங்க சொல்லுங்க" என்றார் கேள்விக்காரம்மா.

"ஆறு" என்றார் பூட்டுக்காரர். யோசித்தார். "பெட்டி." கண்ணை மூடினார். மூடியவர் அப்படியே இருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நான் எட்டிப் பார்த்தேன். "கதவு" என்றார். அப்புறம் ஒன்றும் வரவில்லை. எத்தனை ஆயிரம் தடவை காதில் விழுந்த பாட்டு! உள்ளேயிருந்து டீச்சர், "குதிரை! குதிரை!" என்று எடுத்துக்கொடுத்தது கூட அவருக்குக் கேட்கவில்லை.

"பத்துக்கு ரெண்டு" என்றார் கேள்விக்காரம்மா. பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகம் எப்படியோ ஆயிற்று. விதியை மீறி ஒரு தடவை உச்சுக்கொட்டிவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அந்த வாரமே அவர் மறுபடியும் வந்தார், சேதி சொல்ல. "பகல் இல்லத்துல இடம் கிடைச்சிருச்சுங்க."

பூட்டுக்காரர் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். "டீச்சர், இடம் கிடைச்சிருச்சு! உன்னைப் பார்த்துக்கறதுக்கு..."

"அவங்களுக்கு இல்லைங்க. உங்களுக்கு."

பூட்டுக்காரர் கும்பிட்ட கையை இறக்கினார்.

"எனக்கு எதுக்கும்மா?"

"உங்க மதிப்பெண் ரெண்டு. நம்ம நாட்டுல யாரும் இவ்வளவு கீழ இல்ல. வீட்டுல உங்களைப் பார்த்துக்கறவங்கன்னு உங்க மனைவி பேரைப் போட்டிருக்காங்க. அவங்களுக்குப் பத்துக்குப் பத்தில்லையா, நல்ல தகுதியான ஆளுன்னு..."

"அந்த இடத்தை அவளுக்கு மாத்திக் குடுத்திடுங்களேன்."

"கேட்டுப் பார்த்தேங்க. ஆளை மாத்தினா ஒப்பீடு கெட்டுடும்னு சொல்லிட்டாங்க. நீங்க போகலைன்னா அந்த இடம் வேற வட்டத்துக்குப் போயிடும்."

அவர் போனதும் பூட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும்வரை சிரித்தார். பிறகு, "போறேம்மா. உள்ள போயி, அங்க இருக்கறவங்க காலைப் பிடிச்சாவது அவளையும் சேர்த்துக்கச் சொல்றேன். பகல்ல மட்டும் கொஞ்சம் பார்த்துக்கறீங்களா?" என்றார்.

காலையில் வண்டி வந்தது. உதவியாள் ஒருவர் இறங்கி, "வாங்க தாத்தா, மெதுவா, மெதுவா" என்று கையைப் பிடித்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, நான் நல்லாத்தான் இருக்கேன்."

"வர்றவங்க எல்லாருமே அப்படித்தான் சொல்வாங்க தாத்தா" என்று அன்பாக ஏற்றி, பெல்ட்டைப் போட்டுவிட்டார்.

நான் டீச்சரோடு உட்கார்ந்தேன். முதலில் துணி மடித்தார். மடித்ததைப் பிரித்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"அவர் எங்கம்மா?"

"யாரு டீச்சர்?"

"அதான்... அந்த நாற்காலிக்காரர்."

கதவுக்கு எதிரே நாற்காலி காலியாக இருந்தது. டீச்சர் அதைத் தொட்டுப் பார்த்தார், அடியில் குனிந்து பார்த்தார். சமையலறை, குளியலறை, கட்டில் எல்லாம் பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடினார். நான் கதவை அடைத்துக்கொண்டு நின்றேன். "நகரும்மா" என்றார். அந்தக் குரலைக் கேட்டு நகராதவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்க முடியாது. நகர்ந்தேன். தடுக்க முடியாத பட்சத்தில் கூடப் போவதுதான் புத்தி என்று, பகல் இல்லத்துப் பக்கமாகவே அவரைத் திருப்பி நடத்திக்கொண்டு போனேன்.

வாசலில் காவலாளி தடுத்தார். "யார் வேணும்?"

"இவங்க வீட்டுக்காரரை இன்னிக்குக் காலையில கூட்டிட்டு வந்தாங்க. இவங்க அவரோட மனைவி."

காவலாளி திரையில் படத்தைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். "பார்த்துக்கறவங்களா? நீங்க எப்ப வேணாலும் உள்ள போகலாம்மா. முழு நாள் கூட இருக்கலாம்." பிறகு என்னிடம், "நீங்க யாரு?" என்றார்.

"பக்கத்து வீடு."

திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "அப்படி ஓர் உறவு இதுல இல்லைங்களே."

டீச்சர் தனியாக உள்ளே போனார். என்னைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். எந்தக் கட்டடத்திலும் ஒரு சன்னல் இருக்கத்தான் செய்யும். சுற்றிப்போய்ப் பார்த்தேன், திறந்தே இருந்தது.

பெரிய கூடம். ஏழெட்டுப் பேர் ஒரு மேசையில் பந்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சத்தமாக எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். சன்னலோரமாகச் சாய்வு நாற்காலியில் பூட்டுக்காரர். யார் காலையும் பிடித்ததாகத் தெரியவில்லை. வந்து உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். வாய் திறந்து, கை இரண்டும் மடியில் மல்லாந்து கிடக்க, அடித்துப்போட்ட மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தார். மனுஷர் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

டீச்சர் நேராக அவரிடம் போகவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பூட்டுக்காரர் முன்னால் வந்ததும் நின்றார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சீருடை போட்ட பெண் ஒருத்தி பலகையோடு வந்தாள். "அம்மா, ஞாபகப் பயிற்சிக்கு நேரமாச்சு. எல்லா நாட்டுலயும் இதே நேரம்தான், தள்ளிப்போட முடியாது. இவரை எழுப்பணும்." பலகையைத் தட்டினாள். "முதல்ல இதைச் சொல்லிடுங்க. நீங்க இவருக்கு என்ன வேணும்?"

டீச்சர் அவரை ரொம்ப நேரம் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். விடை தெரியாத கேள்விக்கு அவர் இவ்வளவு நேரம் முயன்று நான் பார்த்ததில்லை.

"தெரியலம்மா" என்றார். "ஆனா எழுப்பாதே. ரொம்ப நாளா தூங்கல போல இருக்கு, பாவம்."

அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டீச்சர் உதட்டின்மேல் விரலை வைத்து அவளைப் பார்த்தார். பிறகு திரும்பி, அந்தக் கூடம் முழுவதையும், ஒரு வகுப்பைப் பார்ப்பது போல, வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எண்ணிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். பந்து ஓரமாகப் போய் நின்றது. சன்னலுக்கு வெளியே நின்ற என்மேலும் அந்தப் பார்வை விழுந்தது.

நானும் வாயை மூடிக்கொண்டேன்.